உலைக்கதவில் படிந்த உப்பு

எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் மதுரைப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். புனேயில் ஆராய்ச்சி மாணவி. போன வாரம் ஒரு சாயங்காலம் கையில் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்து, “தாத்தா, இந்தப் பவுடரைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றாள். குப்பிக்குள் வெள்ளைத் தூள். ஸ்டானிக் ஆக்ஸைடு, அதாவது வெள்ளீய ஆக்ஸைடு. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, வாசல் தேடி வந்த பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

“எக்ஸ்ரேயில் எல்லாக் கோடும் சரியா வருது. மைக்ராஸ்கோப்பில் துகள் எல்லாம் சின்னதாத்தான் இருக்கு. ஆனா சென்ஸார் செஞ்சு பார்த்தா ஒரு தடவை வர்ற மதிப்பு அடுத்த தடவை வரமாட்டேங்குது.” வெள்ளிக்கிழமை அவள் கைடிடம் முடிவைக் காட்ட வேண்டுமாம். கண்ணில் தூக்கமில்லை. பாட்டி காபி கொண்டுவந்து வைத்தாள், அதுவும் ஆறிப்போனது.

நான் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தூளைப் பார்த்து என்ன தெரியப்போகிறது? தெரிய வேண்டியதெல்லாம் அந்தத் தூள் தூளாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இது எனக்கு ஒரே நாளில் விளங்கிய விஷயமில்லை.

1979-ல் காரைக்குடியிலிருந்து புனேவுக்கு வந்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேதியியல் ஆய்வுக்கூடம் என்பது புதிய செய்தியில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஊரிலேயே இருந்தது. அந்த மதில் ஓரமாக சைக்கிள் விட்டே வளர்ந்தவன் நான். புனேக்கும் தமிழனுக்கும் உள்ள உறவும் அப்படிப் பழையதுதான். பாஷாண் சாலையில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தை நேரு 1950 ஜனவரி 3-ல் திறந்துவைத்தார். அதற்கு 1957-ல் முதல் இந்திய இயக்குநராக வந்த கே. வெங்கட்ராமன் சென்னைக்காரர், சாயங்களின் வேதியியலில் உலகம் அறிந்த பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தின் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். புனேயில் இருந்த பல ஆய்வுக்கூடங்களில் அதுவும் ஒன்று.

பாணேர் அப்போது கிராமம். நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த இடத்தில் சோளம் விளைந்தது. காலையில் குன்றின் மேல் ஏறினால் ஒரு பக்கம் பாஷாண் ஏரி, மறுபக்கம் வயல். இப்போதும் ஏறுகிறேன்; ஏரி இருக்கிறது, வயலைத்தான் காணோம்.

எங்கள் குழுவின் தலைவர் முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு, “நீ டின் ஆக்ஸைடு தயார் செய்” என்றார். வீட்டில் சமையல் எரிவாயு கசிந்தால் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு அதுதான் உயிர். ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி 1962-ல் காப்புரிமை கேட்டு எழுதிய கருவி அது. தத்துவம் எளிமையானது. சூடான வெள்ளீய ஆக்ஸைடின் மேல் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்தடை ஏறும். எரிவாயு வந்தால் அந்த ஆக்ஸிஜனோடு கலந்து அதை அப்புறப்படுத்திவிடும். எலெக்ட்ரான்கள் திரும்பி வரும், மின்தடை சட்டென்று இறங்கும். அந்த இறக்கம்தான் மணியை அடிக்க வைக்கிறது.

எல்லாம் மேற்பரப்பில் நடக்கிற காரியம். ஆகையால் துகள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 5 நானோமீட்டர் துகளாக இருந்தால் ஒரே ஒரு கிராம் வெள்ளீய ஆக்ஸைடின் மேற்பரப்பு ஏறக்குறைய 170 சதுர மீட்டர் வரும். இன்றைய பாணேரில் அது தாராளமான மூன்று படுக்கையறை வீடு. ஒரு சிட்டிகைத் தூளுக்குள் அத்தனை தரை விரிந்து கிடக்கிறது. துகள் 6 நானோமீட்டருக்குக் கீழே போனதும் சென்ஸாரின் கூர்மை திடீரென்று ஏறுகிறது என்று ஜப்பானில் யமஸோயேயும் அவருடைய குழுவினரும் 1991-ல் காட்டினார்கள். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் நானோ என்ற பேச்சே கிடையாது. ‘ஃபைன் பார்ட்டிக்கிள்’ என்போம், அவ்வளவுதான்.

பெரிய கட்டியை இடித்து இந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. கீழேயிருந்து கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். உலோகத்தின் குளோரைடையோ நைட்ரேட்டையோ ஆக்ஸலேட்டையோ எடுத்துக்கொண்டு, கரைத்து, வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்தி, சூடாக்கினால் ஆக்ஸைடு பிறக்கும். இப்படி முதலில் எடுத்துக்கொள்ளும் பொருளைப் பிரிகர்சர் என்பார்கள். முன்னோடிச் சேர்மம் என்று தமிழில் எழுதலாம். எனக்குத் தாய்ப்பொருள் என்று சொல்லத்தான் பிடிக்கும். குழந்தையின் முகத்தில் தாயின் சாயல் இருக்கிற மாதிரி, ஆக்ஸைடு எந்தச் சேர்மத்திலிருந்து வந்ததோ அதன் குணம் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நைட்ரேட்டிலிருந்து வந்த தூளும் குளோரைடிலிருந்து வந்த தூளும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியும். வேலைக்கு எடுத்தால் வேறு வேறு ஆட்கள்.

என்னுடைய தாய்ப்பொருள் ஸ்டானிக் குளோரைடு. புனேயின் மழைக்காலத்தில் அந்தப் புட்டியைத் திறப்பதே ஒரு காட்சி. காற்றின் ஈரம் பட்டதும் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழும். அதைப் பனிக்கட்டித் தண்ணீரில் கரைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அரிசிக்கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒரு கூழ் இறங்கும். அதோடு அம்மோனியம் குளோரைடும் கரைந்து நிற்கும். அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான் வேலையில் பாதி. இல்லை, பாதிக்கு மேல். தண்ணீர் ஊற்றி, கலக்கி, படிய விட்டு, மேல்நீரை இறுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். இறுத்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவோம். குளோரைடு இருந்தால் பால் கலந்த மாதிரி வெளுக்கும். வெளுக்காமல் தெளிவாக நிற்கும் வரை கழுவ வேண்டும். குளோரைடு உள்ளே தங்கிவிட்டால் சென்ஸாரின் மின்தடை ஒரு நிலையில் நிற்காது.

நான்கு நாள் கழுவினேன். கூழ் மெதுவாகத்தான் படியும். காலையில் கலக்கி வைத்தால் மாலை வரை பாதிப் பீக்கர் கலங்கலாகவே நிற்கும். ஐந்தாம் நாள் வேறொரு தொல்லை வந்தது. வடிதாளில் ஊற்றினால் தூளும் சேர்ந்து தாளின் வழியே இறங்கிப் போயிற்று. கீழே வந்த நீர் பால் போல இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தொட்டியில் கொட்டினேன். அடுத்த தடவையிலிருந்து இரண்டே முறை கழுவி நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது ஒரு தப்பு. நோட்டுப் புத்தகத்தில் ‘குளோரைடு இல்லை என்று சோதிக்கப்பட்டது’ என்று எழுதினேனே, அது பெரிய தப்பு. இருபத்து நாலு வயது. தூள் வெள்ளையாக, மிருதுவாக இருக்கிறது, இதில் என்ன குறை வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் உலைகளைத் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கும் மராட்டியர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் காகா என்று கூப்பிடுவோம். ஒருநாள் காலை காகா என் மேஜைக்கு வந்து, சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளையாகப் பொடி. “சாஹேப், மீட்” என்றார். மீட் என்றால் மராட்டியில் உப்பு. உலைக்கதவின் உள்பக்கம் தினமும் இது படிகிறது, என் குரூசிபிள் உள்ளே இருக்கிற நாட்களில் மட்டும் படிகிறது என்று அரை இந்தியில் எடுத்துச் சொன்னார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஈரம்தான் காகா, துடைத்துவிடுங்கள்” என்றேன். அவரும் துடைத்துவிட்டுப் போனார்.

அது உப்பேதான். அம்மோனியம் குளோரைடு 340 டிகிரியை ஒட்டி உடைந்து, அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாக ஆவியாகும். சூடு குறைந்த இடம் கிடைத்ததும் இரண்டும் மறுபடி கைகோத்து வெள்ளையாகப் படியும். உலைக்குள் சூடு குறைந்த இடம் கதவுதான். கல்லூரியில் முதல் வருஷம் படித்த பாடம். நான் கழுவாமல் விட்டதை உலை வெளியே தள்ளிக் கதவில் எழுதிக் காட்டியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் காகா ஒருவர்தான்.

என் தூளை வைத்து சென்ஸார் வில்லைகள் செய்துகொண்டிருந்தவர் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அவருக்கு. மூன்று மாதம் அளந்தார். ஒரு வில்லை சரியாக வரும், அடுத்தது வராது. கம்பி சரியில்லையோ என்று மாற்றினார், சூட்டுச்சுருளை மாற்றினார், கடைசியில் தன் கைமேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு அவர் மீட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். “தூள் நல்ல தூள்தானே தம்பி?” என்று கேட்டார். “நல்ல தூள்தான் அண்ணா” என்றேன். இந்த ஒரு வாக்கியம் இத்தனை வருஷத்திலும் என்னை விட்டுப் போகவில்லை.

கடைசியில் குழுத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார். குளோரைடு சோதனை எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தி, “கையைக் காட்டு” என்றார். இரண்டு கையையும் நீட்டினேன். வெள்ளி நைட்ரேட்டோடு புழங்குகிறவன் விரலில் கறை இல்லாமல் இருக்காது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு சொட்டு எங்காவது பட்டுவிடும், வெளிச்சம் பட்டதும் அது கறுக்கும், தோல் உரிகிற வரை போகாது. என் விரல்கள் பளிச்சென்று இருந்தன.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போனபோது, எனக்கு முன்னால் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தார். “வா, சேர்ந்து கழுவுவோம்.” அவருக்கு அப்போது இருந்த வேலையில் ஒரு புதுப் பையனோடு நின்று பீக்கர் கழுவ நேரம் ஏது? ஆனாலும் நின்றார். வடிதாளில் தூள் இறங்கிப் போவதைச் சொன்னேன். சிரித்தார். “இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே!” உப்பு இருக்கிற வரை துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாக நிற்கும், உப்பு நீங்க நீங்க, ஒவ்வொரு துகளும் தன் மின்னேற்றத்தால் மற்றதைத் தள்ளிக்கொண்டு தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் தாளில் நிற்காமல் நழுவுகிறது. கழுவுகிற தண்ணீரில் துளி அம்மோனியம் நைட்ரேட் சேர்த்தால் போதும். துகள்கள் சேர்ந்தே நிற்கும், குளோரைடு மட்டும் வெளியேறும். ஒட்டியிருக்கும் சொற்ப நைட்ரேட் உலையில் ஆவியாகிப் போய்விடும், எதையும் விட்டுவைக்காது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற கூச்சத்துக்கு மூன்று மாதம் விலை கொடுத்தோம். அதில் பெரும்பங்கைக் கொடுத்தவர் அந்த அண்ணன்.

ஒன்பது நாள் கழுவினோம். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு அப்பத்தா நினைவுதான். ஊரில் கூவைக்கிழங்கு மாவு எடுப்பாள். கிழங்கை அரைத்து, துணியில் வடித்து, அண்டாவில் படிய விட்டு, மேலே நிற்கும் கலங்கலை இறுத்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி படிய விடுவாள். ஏழு தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது அவள் கணக்கு. ஐந்தாம் தண்ணீரில் நான் பொறுமையிழந்து, “வெள்ளையாத்தானே இருக்கு அப்பத்தா” என்றால், ஒரு துளி எடுத்து என் நாக்கில் வைப்பாள். கசக்கும். வெள்ளையாக இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் நடுவே இரண்டு தண்ணீர் தூரம் இருந்தது. அந்த அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன், பீக்கரைக் கண்டதும் எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை காகாவும் வந்து நின்றார். சோதனைக் குழாயில் கழுவிய நீர். நான் சொட்டு விட்டேன். குழாயை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தோம், மூன்று பேரும். தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம், அப்போதும் தெளிவாகவே இருந்தது. அந்தத் தடவை உலையை ஆற விட்டுத் திறந்ததும் காகா கதவைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். விரலை என் பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை.

அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “புதுத் தூள் எவ்வளவு இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அவருடைய ஆய்வேடு ஐந்து மாதம் தள்ளிப்போனது. அதற்காக ஒருநாள்கூட என்னைக் குத்திப் பேசியதில்லை.

இப்படிச் சொன்னால் மெதுவாகச் செய்வதுதான் பெருமை என்று நான் சொல்லவருவதாகத் தோன்றலாம். அப்படியில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல், கிங்ஸ்லியோடு சேர்ந்து 1988-ல் ஒரு முறையை வெளியிட்டார். அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் சிறிது தண்ணீரில் கரைத்து, 500 டிகிரி உலைக்குள் வைத்தால் கொதித்து, நுரைத்து, பற்றிக்கொண்டு எரியும். உள்ளே சூடு 1600 டிகிரியை எட்டும். ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் நிறைய நுரைபோல அலுமினா. கழுவ வேண்டியதே இல்லை, வேண்டாததெல்லாம் வாயுவாகப் போய்விடுகிறது. அந்தக் கட்டுரையைப் படித்த வாரம் நாங்களும் செய்து பார்த்தோம். உலைக்குள் அந்தச் சுவாலை எழும்பியபோது ஆய்வுக்கூடமே ஓடிவந்தது. ஆனால் நைட்ரேட்டுக்கு எத்தனை பங்கு யூரியா என்ற கணக்கு பிசகினால் சுவாலையும் வராது, நல்ல தூளும் வராது. அங்கே பொறுமை தராசில் இருக்கிறது. என் வேலையில் அது தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. நம் சித்த வைத்தியர்கள் நாகத்தை, அதாவது துத்தநாகத்தை, புடம் போட்டுப் புடம் போட்டுப் பற்பமாக்கினார்களே, அவர்களுக்கு அது எருவாட்டி எண்ணிக்கையில் இருந்தது. பற்பத்தைத் தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். நாகபற்பம் பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடு. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் துகளின் அளவைத் தண்ணீரும் விரல்ரேகையும் அளந்து சொல்லின.

இன்னொன்று. அன்று வடிதாளில் நழுவிப்போய் நான் தொட்டியில் கொட்டிய அந்தப் பால்தண்ணீர் இருக்கிறதே, இன்றைக்கு அதையேதான் தேடுகிறார்கள். புதுவகை பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களில் எலெக்ட்ரானைக் கடத்தும் மெல்லிய படலத்துக்கு, தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் வெள்ளீய ஆக்ஸைடுக் கூழ்மம் வேண்டும். புட்டியில் அடைத்தே விற்கிறார்கள். தொல்லை என்று நான் கொட்டியதை ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் என்று நினைப்பதுண்டு. அது வருத்தமில்லை, வியப்பு.

வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. அந்த வேலை கட்டுரையாக வந்தபோது கடைசிப் பத்தியில் நன்றி சொன்னோம். எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தவருக்கு, வரைபடம் போட்டவருக்கு, தட்டச்சு செய்தவருக்குக்கூடச் சொன்னோம். எழுதியவன் நான். காகாவின் பெயர் இல்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது, தோன்றவே இல்லை. உலை துடைக்கிறவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் இடமுண்டு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு, பாஷாணுக்குப் பின்னால் சூஸ் கிராமத்தில் இருந்த அவர் வீட்டுக்கு அந்தக் கட்டுரையின் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். மேலே அவர் பெயரை என் கையால் எழுதியிருந்தேன். அச்சில் இல்லாததைப் பேனாவில் எழுதினால் ஈடாகாது என்று தெரிந்துதான் எழுதினேன். வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். டீ வந்தது. “உலைக்கதவு இப்போது யார் துடைக்கிறார்கள்?” என்று கேட்டார். புதுப் பையன் ஒருவன் என்றேன். “அவன் சொன்னால் கேளுங்கள்” என்றார்.

இதையெல்லாம் அந்த மதுரைப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். அவளுக்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

“எத்தனை தடவை கழுவினாய்?”

“மூணு தடவை, சென்ட்ரிஃப்யூஜில். நாலாவதில் படியவே மாட்டேங்குது தாத்தா. மேலே பால் மாதிரி நிக்குது. அதான் விட்டுட்டேன்.”

“நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?”

குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. பாட்டி புதுக் காபி கலந்து கொண்டுவந்தாள். இந்தத் தடவை குடித்தாள். எழுந்து வாசல் வரை போனவள், செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“தாத்தா, அந்த அம்மோனியம் நைட்ரேட் எத்தனை சதவீதம் போடணும்?”

“ஒன்று போதும். அடுத்த தொகுதிக்கு முதல் தண்ணீரிலிருந்தே போடு.”